கண்காட்சி முடிந்த பிறகு தொடங்கும் வேலை: மலேசியக் கலைக் கண்காட்சிகளின் வரலாற்றை எழுத விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

ஓவியத்துக்கு வரலாறு எழுதுகிறார்கள். ஓவியருக்கும் எழுதுகிறார்கள். அந்த ஓவியம் எந்தச் சுவரில், யாருடைய செலவில், யார் யாருக்கு நடுவில் மாட்டப்பட்டிருந்தது என்பதை எழுதுகிறவர்கள் குறைவு. கண்காட்சி சில வாரங்கள் நடக்கும். பிறகு ஆணிகளைப் பிடுங்கிச் சுவருக்கு மறுபடி வெள்ளையடித்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு கேட்டலாக், இரண்டு மூன்று செய்தித் துணுக்குகள், யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் திறப்பு விழா ஒளிப்படம். இவ்வளவுதான் கையில் இருக்கும். ஆனால் ஒரு நாடு யாரைத் தன் கலைஞராக ஏற்றுக்கொண்டது, யாரை வாசலில் நிறுத்தியது என்பதை இந்தத் துணுக்குகள் சொல்வதுபோல் வேறெதுவும் சொல்வதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கும் தமிழ் மாணவர்கள், ஆசிரியர்கள், கலைக்கூடத்துக்கு ஓய்வு நாளில் போய் வருகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். கலை வரலாற்றில் பட்டம் தேவையில்லை. பொறுமையும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

எந்தக் கண்ணோட்டத்தில் பார்ப்பது?

நம்மவர்கள் கண்காட்சிப் பட்டியல் ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் கேட்பது, "இந்தியர்கள் எத்தனை பேர்?" என்பதுதான். நியாயமான கேள்வி. மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர் என்று எல்லாப் படிவங்களிலும் கட்டம் போட்டுப் பழகிய நாட்டில் அந்தக் கேள்வி எழாமல் இருக்க முடியாது. ஆனால் அதோடு நின்றுவிட்டால் பாதிக்கு மேல் கண்ணில் படாமல் போய்விடும்.

1989-இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா ஒரு கட்டுரை எழுதினார். குறுக்குவெட்டுப் பார்வை என்று இன்று நாம் சொல்வது அதிலிருந்துதான் பெயர் பெற்றது. அவர் எடுத்துக்கொண்ட வழக்குகளில் ஒன்று, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின்மீது கறுப்பினப் பெண்கள் ஐவர் தொடுத்தது. 1976-இல் தீர்ப்பு வந்தது. நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறதே என்று சொல்லிப் பாலினப் பாகுபாட்டு வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளையர். இனத்தையும் பாலினத்தையும் ஒன்றாகச் சேர்த்து வழக்காடவும் இடம் தரவில்லை. கறுப்பினத்தவர் என்ற கணக்கில் ஆண்கள் நின்றார்கள், பெண்கள் என்ற கணக்கில் வெள்ளையர் நின்றார்கள். இரண்டுமாக இருந்தவர்களுக்குச் சட்டத்தில் இடமே இல்லாமல் போயிற்று.

கலை உலகம் இதைக் கட்டுரை வருவதற்கு முன்பே அனுபவத்தில் அறிந்திருந்தது. 1971-இல் நியூயார்க்கில் கறுப்பினப் பெண் கலைஞர்கள் சிலர் 'வேர் வீ அட்' என்ற பெயரில் தனியாகக் கண்காட்சி வைத்தார்கள். கறுப்பினக் கலை இயக்கத்தில் ஆண்கள் முன்னால் நின்றார்கள். பெண்ணியக் கலை இயக்கத்தில் வெள்ளைப் பெண்கள் முன்னால் நின்றார்கள். இரண்டு கூட்டத்திலும் உரிமையுள்ளவர்கள் தங்களுக்கென்று மூன்றாவதாக ஒரு சுவரைத் தேட வேண்டியிருந்தது.

நம் நாட்டில் இனம், பாலினம் என்ற இரண்டு கோடுகளோடு மதம், பள்ளியில் படித்த மொழி, தோட்டமா பட்டணமா என்ற வேறுபாடு, சாதி, குடும்ப வருமானம் எல்லாம் சேர்ந்து குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ஒரே ஆளிடத்தில் அவை சந்திக்கும்போது என்ன நடந்தது என்று பார்ப்பதுதான் வேலை.

படி 1: ஒரே ஒரு கண்காட்சியைப் பிடியுங்கள்

"மலேசிய ஓவியத்தில் இந்தியர்கள்" என்று தொடங்காதீர்கள். அது ஆயுள் முழுவதற்குமான வேலை. புதிதாக வருகிறவர் நடுவழியில் விட்டுவிடுவார். ஓர் இடம், ஒரு தேதி, ஒரு பெயர்ப்பட்டியல் உள்ள கண்காட்சியாக எடுங்கள். கோலாலம்பூரில் 1967-இல் நடந்த 'குரூப்' கண்காட்சி, தேசியக் கலைக்கூடத்தில் 1973-இல் நடந்த 'மனிதனும் அவன் உலகமும்' போட்டிக் கண்காட்சி, 1974-இல் தொடங்கிய இளங்கலைஞர் போட்டியான 'பாக்காட் மூடா செஸாமான்', அதே 1974-இல் தேசிய மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவில் ரெட்சா பியதாசாவும் சுலைமான் ஈசாவும் நடத்திய கண்காட்சி, வோங் ஹோய் சியோங் 1996-இல் புலம்பெயர்ந்தோரையும் ரப்பர் மரங்களையும் பற்றி வைத்த தனிக்கண்காட்சி: இவற்றில் எது உங்களை இழுக்கிறதோ அதை எடுக்கலாம். உங்கள் ஊர் மண்டபத்தில் நடந்த சிறிய கண்காட்சியாக இருந்தால் இன்னும் நல்லது. பெரியவற்றுக்கு ஆள் வருவார்கள். அதற்கு உங்களை விட்டால் ஆள் இல்லை.

படி 2: தாள்களைச் சேருங்கள்

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தேசியக் கலைக்கூடமான பாலாய் செனி நெகாராவும் தேசிய நூலகமும் ஒரே வட்டாரத்தில், ஜாலான் துன் ரசாக் பக்கத்தில், இஸ்தானா புடாயா அரங்கை ஒட்டியே இருக்கின்றன. ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். கலைக்கூடத்தின் வள நிலையத்தில் பழைய கேட்டலாக்குகளைக் கேளுங்கள். நூலகத்தில் நாளிதழ்களைக் கேளுங்கள். அரசு ஆவணங்களுக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தை நாட வேண்டும். கம்போங் அத்தாப்பில் உள்ள சோங்ஷான் கட்டடத்தில் மலேசியா டிசைன் ஆர்க்கைவ் இயங்குகிறது. சுவரொட்டி, அழைப்பிதழ், பழைய அச்சுப் பொருட்களில் ஆர்வமுள்ளவர்கள் தவறவிடக்கூடாத இடம். பினாங்கில் மாநில அருங்காட்சியகமும் கலைக்கூடமும் உண்டு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் துவாங்கு ஃபௌசியா அருங்காட்சியகமும் உண்டு. போவதற்கு முன் தொலைபேசியில் பேசி, எந்த ஆண்டுக்குரியது வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அலமாரியில் தேடி எடுத்து வைக்க அவர்களுக்கும் நேரம் வேண்டும்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடியது நாளிதழ்த் தேடல். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர் எஸ்ஜி' தளத்தில் பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் கிடைக்கிறது. கோலாலம்பூர், பினாங்குச் செய்திகள் அதில் நிறைய வந்திருக்கின்றன. 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் அங்கே உண்டு. தமிழ் இதழைப் பார்க்கும்போது தேடுபொறியை நம்பாதீர்கள். கண்காட்சி திறந்த தேதிக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் உள்ள இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். 1924 முதல் 2019 வரை கோலாலம்பூரிலிருந்து வந்த தமிழ் நேசனையும் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஆங்கில இதழ் அரைப்பக்கம் எழுதிய கண்காட்சியைப் பற்றித் தமிழ் இதழ் ஒரு வரிகூட எழுதவில்லை என்றால், அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அழைப்பிதழ் அந்த அலுவலகத்துக்குப் போகவில்லையா, போயும் நிருபர் வரவில்லையா என்பது அடுத்த கேள்வி.

படி 3: அட்டவணை போடுங்கள்

இதுதான் வேலையின் உயிர். நிதானமாகச் செய்யுங்கள்.

பெரிய தாள் ஒன்றில், பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை. மேலிருந்து கீழாக ஓடும் பத்திகளில் இவை வரட்டும்: கேட்டலாக்கில் அச்சான பெயர், வேறு பெயர்கள், பாலினம், வீட்டு மொழி, பள்ளியில் படித்த மொழி, மதம், பிறந்த ஊர் அல்லது தோட்டம், பிழைப்புக்குச் செய்த வேலை, ஓவியம் எங்கே கற்றார், அதற்கு யார் பணம் கொடுத்தது, எந்தப் பொருளில் வேலை செய்தார், படைப்பு எங்கே மாட்டப்பட்டது, என்ன விலை, யார் வாங்கினார்கள். முதல் நாள் பாதிக் கட்டங்கள் காலியாகத்தான் இருக்கும். காலியாகவே விடுங்கள். பெயரைப் பார்த்து மதத்தையோ சாதியையோ ஊகித்து நிரப்பாதீர்கள்.

குரூப் கண்காட்சியை வைத்தே செய்து பார்ப்போம். 1967-இல் அதில் பங்கேற்றவர்கள் எழுவர்: சையது அகமது ஜமால், அப்துல் லத்தீஃப் மொஹிதின், இப்ராஹிம் ஹுசேன், சியோங் லாய் தோங், ஜாலி கோ, அந்தோனி லாவ், யியோ ஜின் லெங். இனப் பத்தியை மட்டும் பார்த்தால் மனம் நிறையும். மூன்று மலாய்க்காரர்கள், நான்கு சீனர்கள், ஒரே மேடையில். அதுவும் 1969 மே 13 கலவரத்துக்கு இரண்டே ஆண்டு முன்பு. அடுத்து பாலினப் பத்திக்கு வாருங்கள். எழுவரும் ஆண்கள். படித்த இடத்தைப் பாருங்கள். லண்டன், பிரைட்டன், பெர்லின் என்று எழுவருமே வெளிநாடு போய்க் கற்றவர்கள். இனத்தில் விரிந்த வட்டம், பாலினத்திலும் கல்வியிலும் எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பது பத்திகளை ஒன்றாக வைத்தால்தான் தெரிகிறது.

இங்கே நம்மவர் ஒருவர் எழுந்து, "ஏழு பேரில் ஓர் இந்தியர்கூட இல்லையே" என்பார். உண்மைதான். ஆனால் லண்டனில் படித்த இந்திய ஆண் ஒருவரை எட்டாவதாகச் சேர்த்திருந்தால், பால்மரத் தோட்டத்தில் கரித்துண்டால் சுவரில் படம் வரைந்துகொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை அந்தச் சுவருக்கு எவ்வளவு நெருங்கியிருப்பாள்? 1923-இன் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. தமிழ்ப்பள்ளி அங்கே ஆரம்பக் கல்வியோடு முடிந்தது. அதற்கு மேல் படிக்கப் பட்டணத்துக்குப் போக வேண்டும், வேறு மொழிக்கு மாற வேண்டும், பஸ்ஸுக்கும் சீருடைக்கும் பணம் வேண்டும். இருக்கிற பணத்தில் ஒரு பிள்ளையைத்தான் அனுப்ப முடியும் என்றால் யாரை அனுப்பினார்கள் என்று நம் பாட்டிமார்களிடம் கேட்டால் சொல்வார்கள். அவளைத் தடுத்தது எது என்று ஒரே ஒரு காரணத்தைக் காட்ட முடியாது. மொழி, வர்க்கம், பெண் என்ற நிலை மூன்றும் ஒரே இடத்தில் கூடித் தடுத்தன.

இதற்கு மறுபக்கமும் அட்டவணையில் தெரிய வேண்டும். பிரிட்டிஷ் ஓவியக் கல்வி அதிகாரி பீட்டர் ஹாரிஸ் 1952-இல் கோலாலம்பூரில் தொடங்கிய புதன்கிழமை ஓவியக் குழுவில் பெண்கள் இருந்தார்கள். கிரேஸ் செல்வநாயகம், சிவம் செல்வரத்தினம் போன்ற பெயர்களை அங்கே காணலாம். இனத்தில் சிறுபான்மை, பெண்கள். ஆனாலும் இடம் கிடைத்தது. அவர்களுக்குத் திறந்த கதவு எது? எந்த மொழியில் படித்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள், மாலை நேரத்தில் வீட்டை விட்டு வெளியே வர அவர்களுக்கு எது துணை செய்தது? செல்வநாயகம் பாத்திக்கிலும் நெசவிலும் ஆழ்ந்தவர். துணியில் செய்தால் கைவினை, கித்தானில் செய்தால் கலை என்று பிரிக்கும் பழக்கம் பெண்களின் படைப்புகளை எந்த அறைக்குத் தள்ளியது என்றும் தேட வேண்டும். இதே காலத்தில் பினாங்கில் சுவா தியன் தெங் என்ற ஆண் பாத்திக்கைச் சட்டமிட்ட ஓவியமாக்கிப் பேர் வாங்கினார் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எண்ணிப் பார்ப்பதை அற்பமாக நினைக்காதீர்கள். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1984-இல் நடத்திய பன்னாட்டுக் கண்காட்சியில் 160-க்கும் மேற்பட்ட கலைஞர்களில் பெண்கள் 13 பேர்தான். இந்தக் கணக்குத்தான் மறு ஆண்டே கெரில்லா கேர்ள்ஸ் என்ற பெண்ணியக் கலைஞர் குழு உருவாகக் காரணமாயிற்று.

படி 4: பெயர்களை விடாமல் துரத்துங்கள்

1920, 30-களில் பினாங்கில் 'பினாங்கு இம்ப்ரஷனிஸ்ட்டுகள்' என்று ஓர் ஓவியக் குழு இருந்தது. பெரும்பாலும் ஐரோப்பியப் பெண்கள். உள்ளூர்க்காரர்கள் என்று வரலாறு சொல்வது இருவரை: அப்துல்லா அரிஃப் என்ற ஓவிய ஆசிரியர், திருமதி லிம் செங் குங் என்ற செல்வக் குடும்பத்துப் பெண்.

இந்த ஒரு வரியில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். பெண்கள் நடத்திய குழு. ஆகவே பெண்களுக்கான இடம் என்று முடிவுகட்டினால் தவறு. அது முதலில் காலனி எஜமானர் வீட்டுப் பெண்களின் இடம். மலாய் ஆண் ஒருவர் கற்பிக்கும் திறமையால் உள்ளே வந்தார். சீனப் பெண் ஒருவர் கணவரின் செல்வ நிலையால் வந்தார். அவருடைய சொந்தப் பெயர் வரலாற்றில் எங்கே? கணவர் பெயரில்தான் அவர் நமக்குக் கிடைக்கிறார். அதே தெருக்களில் துணி வெளுத்த, மாடு கறந்த, துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழர் வீட்டுப் பெண்கள் அந்தப் படங்களுக்குள் உருவங்களாக வந்திருக்கலாம். தூரிகை பிடிக்க வரவில்லை.

பெயர் மாறுவதால் ஆள் தொலைந்துபோவதும் உண்டு. பினாங்கில் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம் மலேசியக் கலையில் சமூகக் கேள்விகளை எழுப்பிய முன்னோடிகளில் ஒருவர். 1973-இன் 'மனிதனும் அவன் உலகமும்' கண்காட்சியில், சுற்றுச்சூழல் கேட்டை ஒளிப்படங்களாலும் கழிவுப் பொருட்களாலும் காட்டிய படைப்புக்கு முதன்மைப் பரிசு பெற்றவர். அவரை நிர்மலா சண்முகலிங்கம், நிர்மலா தத் சண்முகலிங்கம், நிர்மலா தத் என்று வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு விதமாகக் காண்பீர்கள். ஒரு பெயரில் மட்டும் தேடினால் வாழ்க்கையின் ஒரு பகுதிதான் கிடைக்கும். பெண் கலைஞர் யாராக இருந்தாலும் திருமணத்துக்கு முன், பின், விலகிய பின் என்று எல்லாப் பெயர்களிலும் தேடுங்கள். தமிழ்ப் பெயர்களுக்கு ஆங்கில எழுத்தில் எத்தனை வகை எழுத்துக்கூட்டல் உண்டோ அத்தனையையும் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்.

சிலர் எந்தக் கட்டத்திலும் அடங்க மாட்டார்கள். அவர்களிடத்தில் அதிக நேரம் செலவிடுங்கள். சையது தாஜுதீன் 1943-இல் தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவர், முஸ்லிம், 1972-இல் அனுமன் சீதையைக் காணும் காட்சியைத் தீட்டியவர். ரெட்சா பியதாசா குவாந்தானில் சிங்கள மரபில் பிறந்த முஸ்லிம். மே 13-ஐ நினைத்து, தேசியக் கொடி வரைந்த சவப்பெட்டி ஒன்றை நிற்க வைத்தவர். பின்னாளில் பல இனத்தாரின் பழைய குடும்ப ஒளிப்படங்களை எடுத்து ஒரு படைப்பு வரிசையே செய்தவர். 'மற்றவர்' என்ற கட்டத்தில் இவர்களைப் போட்டுவிட்டு நகர்ந்தால் அட்டவணை போட்டதே வீண்.

படி 5: இடத்தைப் பாருங்கள்

முகவரி என்பது வெறும் முகவரியாக நிற்பதில்லை. தேசியக் கலைக்கூடம் 1958 ஆகஸ்ட் 27 அன்று துங்கு அப்துல் ரஹ்மானால் ஜாலான் அம்பாங்கில் திறந்து வைக்கப்பட்டது. 1984-இல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பழைய மெஜஸ்டிக் ஹோட்டல் கட்டடத்துக்கு மாறியது. 1998-இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. உங்கள் கண்காட்சி நடந்த ஆண்டில் அது எங்கே இருந்தது? அங்கே போக எந்த பஸ்? வேலை நாளில் எத்தனை மணிக்கு மூடினார்கள்? காலை வெளுக்கும் முன் மரம் சீவப் போகும் குடும்பம் ஒன்று காப்பாரிலிருந்தோ காஜாங்கிலிருந்தோ வந்து பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா? விளக்க அட்டைகள் எந்த மொழியில் இருந்தன?

உள்ளே சுவரைப் பாருங்கள். பிரிட்டிஷ் கலைஞர் லுபைனா ஹிமித் 1985-இல் லண்டனின் ஐசிஏ என்ற சமகாலக் கலை மையத்தில் கறுப்பின, ஆசியப் பெண் கலைஞர்கள் 11 பேரை ஒன்றுசேர்த்துக் கண்காட்சி நடத்தினார். அதற்குக் கிடைத்தது நடைபாதைச் சுவர். பெயர்ப்பட்டியலை மட்டும் பார்ப்பவர் "இடம் கொடுத்தார்களே" என்று எழுதிவிடுவார். தளப்படத்தைப் பார்ப்பவருக்குத்தான் கதை புரியும். பழைய திறப்பு விழா ஒளிப்படங்களில் பின்னணியைக் கூர்ந்து பார்த்தால், எந்தப் படம் வாசலுக்கு நேரே இருந்தது, எது கழிவறைப் பக்கம் போனது என்று பல வேளைகளில் கண்டுபிடித்துவிடலாம்.

மாட்டிய பின் இறக்கப்பட்டவற்றையும் தேடுங்கள். 2018 ஆகஸ்டில் ஜார்ஜ் டவுன் விழாவை ஒட்டி, தேசியக் கொடியோடு நிற்கும் மலேசியர்களின் ஒளிப்படக் கண்காட்சி ஒன்று பினாங்கில் நடந்தது. திருநங்கைச் செயற்பாட்டாளர் நிஷா அயூப், எல்ஜிபிடி உரிமைச் செயற்பாட்டாளர் பாங் கீ தெய்க் ஆகிய இருவரின் படங்கள் அமைச்சரின் தலையீட்டால் அகற்றப்பட்டன. எத்தனை பேர் எந்தெந்த இனம் என்று கணக்கெடுத்து, எல்லாருக்கும் இடம் இருந்தது என்று எழுதினால் அந்தக் கண்காட்சியின் வரலாறு பொய்யாகிவிடும்.

படி 6: பணமும் கொள்கையும்

1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு நடந்தது. இவ்வட்டாரத்தின் மண்ணின் மைந்தர் பண்பாடே தேசியப் பண்பாட்டின் அடிப்படை, பொருத்தமான பிற பண்பாட்டுக் கூறுகளை ஏற்கலாம், இஸ்லாம் முக்கியமான கூறு என்ற மூன்று கொள்கைகள் வகுக்கப்பட்டன. எழுபது, எண்பதுகளின் கண்காட்சி எதை எடுத்தாலும் இந்த ஆண்டை மனத்தில் வைத்துப் படியுங்கள். கேட்டலாக் முன்னுரைகளின் மொழியும் தொனியும் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

இந்த இடத்தில் நம்மவர் பலர் மனக்கசப்போடு நின்றுவிடுகிறார்கள். கசப்புக்குக் காரணம் இருக்கிறது; மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஆய்வு அங்கே நிற்கக்கூடாது. 1967-இல் ஐடிஎம் என்ற மாரா தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய கலைப்பள்ளி பூமிபுத்திரருக்கு மட்டுமானது. தமிழ் மாணவருக்கு அது மூடிய கதவு. அதே பள்ளி, கம்பத்திலிருந்து வந்த மலாய்ப் பிள்ளைகளுக்கு, அவர்களில் பெண்பிள்ளைகளுக்கும், லண்டன் போகாமலே கலைஞராகும் வழியைத் திறந்தது. குரூப் எழுவரின் கல்விப் பத்தியை மறுபடி பாருங்கள். அந்த வழி எவ்வளவு பெரியது என்று விளங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதத் துணிவு வேண்டும்.

பணம் கொடுத்தவர் யார் என்பதையும் விடாதீர்கள். 1956-இல் அங்காத்தான் பெலுகிஸ் செமனாஞ்சோங் என்ற தீபகற்ப ஓவியர் குழுவைத் தொடங்கிய ஓவியர் ஹுசேன் ஈனாஸ், ஷெல் எண்ணெய் நிறுவனத்துக்காக நாட்டின் பல இன மக்களை உருவப்படங்களாகத் தீட்டினார். புதிய நாட்டின் முகத்தை வரையச் சொன்னது ஓர் எண்ணெய் நிறுவனம். 1962-இல் அவர் தீட்டிய, கிளந்தானில் புகையிலை பறிக்கும் பெண்ணின் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு ஒன்றைக் கேளுங்கள்: தலைவர்களின் படங்களுக்குக் கீழே பெயர் இருக்கிறது, உழைப்பாளிப் பெண்ணின் படத்துக்குக் கீழே அவள் செய்யும் வேலை மட்டும் ஏன் இருக்கிறது?

படி 7: கலைக்கூடத்துக்கு வெளியே

தமிழர் வரலாற்றைத் தேடுகிறவர் கலைக்கூடச் சுவர்களோடு நின்றால் ஏமாற்றமே மிஞ்சும். நம் மக்கள் படைப்பை மக்கள் முன் வைத்த இடங்கள் வேறு: கோயில் கோபுரம், தைப்பூசக் காவடி, தமிழ்ப்பள்ளி விழா, தோட்டத்து மாரியம்மன் திருவிழாவின் அலங்காரப் பந்தல், கடைத்தெருப் பெயர்ப்பலகை. 1924-இல் வெம்பிளியில் நடந்த பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சியில் மலாயாவுக்கென்று ஒரு மாளிகையே இருந்தது; ரப்பரும் ஈயமும் அங்கே பெருமையாகக் காட்டப்பட்டன. மரம் சீவிய கைகளுக்கு அந்த மாளிகையில் என்ன இடம் இருந்தது என்பது தனி ஆய்வுக்குரிய பொருள். யாராவது தமிழில் எடுத்துச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

கும்பாபிஷேக மலர்களைச் சேருங்கள். கேட்டலாக்கைப் படிப்பதுபோலவே அவற்றைப் படிக்கலாம். நன்கொடையாளர் பெயர்கள் எந்த வரிசையில் வருகின்றன, ஸ்தபதியின் பெயர் இருக்கிறதா, அவரோடு தமிழ்நாட்டிலிருந்து வந்து மாதக்கணக்கில் சுதை வேலை செய்த சிற்பிகளின் பெயர்கள் இருக்கின்றனவா, வாசலில் கோலம் போட்ட பெண்கள் ஒளிப்படத்தில் மட்டும் வந்து பெயரில்லாமல் நிற்கிறார்களா, எந்தச் சாதியார் எந்த வேலைக்கு அழைக்கப்பட்டார்கள் என்று கேளுங்கள். அடுத்த இனத்தார் நம்மை விட்டுவிட்டார்கள் என்று எழுதும் அதே பேனாவால், நாம் யாரை விட்டுவிட்டோம் என்றும் எழுதினால்தான் இந்த ஆய்வுக்கு மதிப்பு.

படி 8: மனிதர்களிடம் கேளுங்கள்

காலியான கட்டங்களில் பலவற்றைத் தாள்கள் நிரப்பா. ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்கள், படச்சட்டம் போடும் கடைக்காரர்கள், கலைக்கூடத்தில் காவல் இருந்தவர்கள், துப்புரவுப் பணி செய்தவர்கள், கலைஞரின் மனைவி, கணவர், பிள்ளைகள்: இவர்களிடம் போக வேண்டும். கலைஞரை மட்டும் பேட்டி எடுத்தால் படைப்பின் கதை கிடைக்கும். கண்காட்சியின் கதை கிடைக்காது.

போகும்போது கேட்டலாக்கின் நகல் ஒன்றைக் கொண்டுபோங்கள். படத்தைக் காட்டினால் நினைவு வரும். "நீங்கள் பாகுபாட்டை அனுபவித்தீர்களா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் பெரும்பாலோர் "அதெல்லாம் ஒன்றுமில்லை, ஐயா" என்று முடித்துவிடுவார்கள். அன்று எப்படி அங்கே போனீர்கள், என்ன உடுத்தியிருந்தீர்கள், யார் வரவேற்றார்கள், என்ன மொழியில் பேசினார்கள், என்ன பரிமாறினார்கள், பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேளுங்கள். அதில் எல்லாம் வந்துவிடும். அம்மாவைப் பேட்டி காணும்போது மகன் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னால், பொறுமையாக இன்னொரு நாள் போங்கள். தேநீர் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

மதம், சாதி, பாலின அடையாளம் பற்றிச் சொன்னதை அவருடைய அனுமதி இல்லாமல் எழுதக்கூடாது. இந்த நாட்டில் சிலருக்கு அது வெறும் சங்கடத்தோடு முடியாது. வேலையும் வீடும் பறிபோகலாம். ஒலிப்பதிவைத் தொடங்கும் முன் எதற்காக, எங்கே வரும் என்று சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். பிறகு மனம் மாறினால் நீக்கிவிடுங்கள்.

படி 9: எழுதுங்கள், ஒப்படையுங்கள்

முதல் கட்டுரை நான்கைந்து பக்கங்கள் போதும். தமிழில் எழுதுங்கள். இத்துறையில் ஆங்கிலத்திலும் மலாயிலும் கிடைப்பதோடு பார்த்தால் தமிழில் கிடைப்பது மிகக் குறைவு. அட்டவணையைப் பார்த்து உங்களை அதிகம் உறுத்திய ஒரு வரிசையை எடுத்து, அந்த ஒருவர் வழியாகக் கண்காட்சி முழுவதையும் சொல்லுங்கள். "இதனால்தான் விலக்கினார்கள்" என்று எழுதும் இடங்களை மறுபடி படியுங்கள். தேர்வுக் குழுவின் குறிப்போ, கடிதமோ, நேரில் இருந்தவரின் வாக்குமூலமோ கையில் இல்லை என்றால், அட்டவணை காட்டுவதை மட்டும் சொல்லி நிறுத்துங்கள். வாசகர் மீதியைக் கேட்பார்.

எழுதி முடித்ததும் அட்டவணை, ஒலிப்பதிவு, நகல்கள் ஒவ்வொன்றிலும் தேதி, இடம், யாரிடமிருந்து கிடைத்தது என்று குறித்து மூன்று படிகள் எடுங்கள். ஒன்று உங்களிடம் இருக்கட்டும். ஒன்றை, பேட்டி கொடுத்தவர்கள் ஒப்பினால், கலைக்கூடத்தின் வள நிலையத்திலோ பல்கலைக்கழக நூலகத்திலோ கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். இன்னொன்றைப் பேட்டி கொடுத்த குடும்பத்துக்கு, கட்டுரையின் அச்சுப் பிரதியோடு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். படிக்க இயலாத முதியவராக இருந்தால் அவர் சம்பந்தப்பட்ட பகுதியை வாசித்துக் காட்டிவிட்டு, திருத்தம் சொன்னால் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.